வயர் சுடுகிறதா, மூட்டு சுடுகிறதா?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லடியில் கடற்கரையை அண்டி வசிக்கிறேன். என்னிடம் பழைய ஜப்பானியக் கார் ஒன்று இருக்கிறது. கடந்த மாரியில் முற்றத்தில் ஏறிய வெள்ளம் எஞ்சினின் கீழ்ப்பகுதி வரை நின்று வடிந்தது. அதன் பின்னர், இரவில் கல்முனை வரை போய்த் திரும்பினால், அல்டர்னேட்டரிலிருந்து (எஞ்சின் ஓடும்போது மின்னை உண்டாக்கும் கருவி) பற்றரிக்குச் செல்லும் தடித்த வயரில் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடு. உறை கருகும் மணமும் வருகிறது. பகலில் அவ்வளவு சூடில்லை. ஒரு கராஜில் அல்டர்னேட்டரையே மாற்றித் தந்தார்கள். இரண்டு கிழமைக்குள் மறுபடியும் அதே நிலை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட செய்தி, பகலில் சூடு குறைவு என்பதுதான். இரவில் முன்விளக்குகளும் ஏசி விசிறியும் சேர்ந்து கேட்கும் மின்னோட்டம் அந்த ஒரு வயர் வழியாகவே அல்டர்னேட்டரை விட்டு வெளியேறுகிறது. மின்னோட்டம் இருமடங்கானால் அதே தடையில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பாடசாலையில் நாம் எல்லோரும் படித்த கணக்கு. ஆகவே அந்தப் பாதையில் இருக்கக் கூடாத தடை ஒன்று எங்கோ இருக்கிறது என்றே கருதுகிறேன். பழைய வயரின் அதே முனையைப் புதிய அல்டர்னேட்டரில் பூட்டியிருந்தால், பணம் செலவானதே தவிர நோய் அப்படியே இருக்கும்.

முதலில் சூடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஓடி வந்து எஞ்சினை நிறுத்தியவுடன், மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, வயரின் நீளம் முழுவதையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒரு முனையில் மட்டும் கடும் சூடும், அங்கிருந்து விலக விலகச் சூடு தணிவதும் தெரிந்தால் குற்றம் அந்த மூட்டில்தான். நீளம் முழுவதும் ஒரே சீராகச் சுட்டால், வயர் மெல்லியது அல்லது அதில் ஓடும் மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சியது. எஞ்சின் அருகில் இருக்கும் எல்லா வயரும் ஓரளவு சூடாகத்தான் இருக்கும் என்பதால், பக்கத்து வயர் ஒன்றையும் தொட்டு ஒப்பிடுவது நல்லது.

அடுத்தது மீற்றர். எஞ்சினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுழற்சியில் ஓடவிட்டு, விளக்குகளையும் விசிறியையும் போட்டு, மீற்றரை நேரோட்ட வோல்ற்றில் வைத்து, ஒரு கம்பியை அல்டர்னேட்டரின் பின்புற போல்ற்றிலும் மற்றதைப் பற்றரியின் நேர் முனையிலும் பிடியுங்கள். 0.2 வோல்ற்றுக்குள் இருந்தால் பாதை நலம், 0.5 வோல்ற்றைத் தாண்டினால் நிச்சயமாகக் குற்றம் உண்டு. அரை வோல்ற்று என்ன பெரிய காரியம் என்று எண்ண வேண்டாம். ஒரு மூட்டில் 0.6 வோல்ற்று இழப்பும் 60 அம்பியர் ஓட்டமும் இருந்தால் அங்கே 36 உவாற்று வெப்பம் பிறக்கிறது. வானொலி திருத்துபவரின் பற்றாசுக்கோல் ஒன்றை அந்த நட்டில் கட்டிவைத்த மாதிரி. பின்னர் மீற்றரின் ஒரு கம்பியை அசைக்காமல் மற்றதை ஒவ்வொரு மூட்டாக, உருகியிணைப்பு (மின்னோட்டம் மிஞ்சினால் தானே உருகி அறும் காப்புத் துண்டு) இருக்கும் பெட்டியையும் விடாமல், நகர்த்தி வாருங்கள். எந்த இடத்தில் அளவு திடீரென்று தாவுகிறதோ அதுவே உங்கள் இடம்.

கடற்காற்றும் வெள்ளநீரும் கண்ட கார் என்பதால், நட்டுக்கு அடியில் பச்சைப் பூப்பும் உறைக்குள்ளே கறுத்த செப்பும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். வெளியே பார்த்தால் பளிச்சென்று இருக்கும், நம்பிவிடாதீர்கள். அல்டர்னேட்டரின் பின்புறப் போல்ற்று, சாவியை நிறுத்திய பின்னும் பற்றரியுடன் நேராக இணைந்தே இருப்பதால், முதலில் பற்றரியின் மறை முனையைக் கழற்றிய பிறகே ஸ்பேனரை அருகில் கொண்டு செல்ல வேண்டும். கறுத்த பகுதியை வெட்டிவிட்டு, மின்னும் செப்பு வரை வந்து, புதிய முனையை அழுத்திப் பூட்டும் கருவியால் இறுக்குங்கள். ஈயம் மட்டும் வைத்து ஒட்டிய மூட்டு, மறுபடி சூடானால் இளகிவிடும். தொடும் பரப்புகளை அரத்தாளால் தேய்த்து இறுக்கிய பின்னர் மேலே கிறீஸ் பூசுங்கள்.

வயரையே மாற்றுவதென்றால், முன்பிருந்த அதே தடிப்பில் வாகனங்களுக்கான வயரை வாங்குங்கள். வீட்டு வயரிங்குக்கான 7/0.67 வயரை (0.67 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏழு இழைகள்) போட்டுத் தந்த கார் ஒன்றையும் பார்த்திருக்கிறேன். அதன் செப்பு 2.5 சதுர மில்லிமீற்றர்தான். ஏழே இழைகள் என்பதால் எஞ்சினின் அதிர்வில் முறியவும் கூடும்.

மூட்டுகள் எல்லாம் சுத்தமாக இருந்தும் வயர் முழுவதும் சுட்டால் பற்றரியைச் சந்தேகியுங்கள். உள்ளே ஒரு கலம் செத்த பற்றரி, எவ்வளவு ஏற்றினாலும் ஓய்வில் 10.5 வோல்ற்றை அண்டியே நிற்கும். அல்டர்னேட்டரோ அதை நிரப்ப ஓயாமல் மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். பழைய கார்களில் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ற்று வரை காட்டுவது வழமை. தொடர்ந்து 15 வோல்ற்றைத் தாண்டினால் அந்த வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. எஞ்சின் ஓடும்போதே பற்றரி முனையைக் கழற்றி அல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. உங்கள் காரில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அந்தக் கணத்தில் எகிறும் வோல்ற்று, கணினிப் பெட்டியையும் அல்டர்னேட்டரின் இருவாயிகளையும் (டயோட்) எரித்துவிடலாம்.

கேள்வி: அதே பழுதுக்கு, பழைய வயருக்குப் பக்கத்தில் இன்னொரு வயர் இழுத்தால் போதும் என்று எங்கள் வயரிங் பாஸ் சொல்கிறார். சரியா? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: பழைய மூட்டைச் சுத்தம் செய்த பின்னர் என்றால் சரி. ஆனால் புதிய வயரின் பற்றரிப் பக்க முனையில் அதன் தடிப்புக்கு ஏற்ற பியூஸ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், அந்த வயர் எங்காவது உரசி எஞ்சின் உடலைத் தொடும் நாளில் பற்றரியின் முழு ஓட்டமும் அதன் வழியே பாயும். பழைய வயரில் கம்பனி வைத்த உருகியிணைப்பு எரிந்தும் பயனிருக்காது. பியூஸ் போட பாஸ் மறுத்தால், இரண்டாவது வயரே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.