நாலடித் தண்ணீர்

அன்புள்ள அண்ணை,

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் பாதையில் (சனத்தை ஏற்றிக் கடத்துகிற மிதவையில்) போனதைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் புங்குடுதீவில் பிறந்தவன். 1988இல் கனடாவுக்கு வந்துவிட்டேன். இப்போது வயது 59. பத்து வருடமாக ஒன்ராறியோ ஏரியில் 22 அடிப் பாய்ப்படகு ஒன்று வைத்து ஓட்டுகிறேன். படகு கட்டும் இடத்துக்கு வாடகை, குளிர்காலத்தில் கரையேற்றி மூடி வைக்கச் செலவு என்று வேலையை விட்ட பிறகு இது கட்டுப்படியாகாது. வரைபடத்தைப் பார்த்தால் எங்கள் யாழ்ப்பாணத்துப் பரவைக்கடல் சுற்றிவரத் தீவுகளும் கரையுமாக நல்ல ஒதுக்கமாகத் தெரிகிறது. தீவுப்பக்கம் கடலோரமாக ஒரு காணி வாங்கி, படகையும் கொள்கலனில் ஏற்றிக்கொண்டு வந்தால், வருடம் முழுக்கப் பாய் விரிக்கலாம், செலவும் குறைவு என்று கணக்குப் போட்டிருக்கிறேன். மனைவி “விசர்” என்கிறா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ர., ஸ்காபரோ

அன்புள்ள ர.,

உங்கள் மனைவி சொல்வது பாதி சரி. நீங்கள் வாருங்கள். படகை மட்டும் அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள்.

வரைபடத்தில் பரவைக்கடல் முழுக்க ஒரே நீலமாகத்தான் இருக்கும். அந்த நீலத்தின் பெரும்பகுதி ஒரு ஆள் ஆழம்கூட இல்லை. உங்கள் படகின் அடிக்கட்டை மூன்று நாலடியாவது கீழே இறங்கும், இல்லையா? இங்கே நாலடித் தண்ணீர் என்றால் அது ஆழம்.

மூன்று வருடத்துக்கு முன் ஐரோப்பாவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் சின்னப் பாய்ப்படகு ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார். மண்டைதீவுப் பக்கமிருந்து இரண்டு பேருமாகக் கிளம்பினோம். நல்ல காற்று. பாய் புடைத்து, படகு ஒரு பக்கம் சாய்ந்து, நண்பர் பாட்டு வேறு எடுத்துவிட்டார். இரண்டாவது அடி வருவதற்குள் படகு நின்றுவிட்டது. சத்தமே இல்லை, சேற்றுக்குள் கத்தி இறங்கின மாதிரி. நான் வெள்ளையும் சள்ளையுமாக வெளிக்கிட்டிருந்தேன். இறங்கிப் பார்த்தால் தண்ணீர் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. சுற்றிவரக் கடல், கரை ஒரு மைலுக்கு அங்காலே, நாங்கள் இரண்டு பேரும் வயலுக்குள் நிற்கிற மாதிரி நிற்கிறோம். திருக்கை கிடக்கும் என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்து படகைத் தள்ளினோம். அந்த நேரம் ஒரு ஐயா கோல் ஊன்றிக்கொண்டு வள்ளத்தில் பக்கத்தாலே போனார். எழுபது வயது இருக்கும். எங்களைப் பார்த்து, “தம்பிமார், கப்பலை ஏன் வயலுக்க கொண்டு வந்தனீங்கள்?” என்று கேட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

அவருடைய வள்ளத்தைப் பிறகு கரையில் பார்த்தேன். அடி தட்டை. ஏற்றினாலும் ஒரு சாண் தண்ணீரில் மிதக்கும். பாய் என்பது உரப்பைகளைப் பிரித்துத் தைத்த துண்டு. அதில் எழுத்துகூட அழியவில்லை. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கோல். தரை தட்டினால் இறங்கித் தள்ளிவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார், அது அவருக்கு விபத்தே இல்லை. இந்தக் கடல் ஒதுக்கமாக இருப்பதற்கும் அது ஆழமில்லாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். பெரிய அலை எழும்ப இங்கே தண்ணீர் இல்லை. ஒதுக்கம் வேண்டும், கீழே கட்டை வைத்த படகும் வேண்டும் என்றால் இந்த இடத்தில் இரண்டும் சேராது.

சரி, ஆழமான இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே, கடற்கோட்டை நிற்கிற வாய்க்கால் பக்கம் அந்தக் காலத்தில் கப்பல் வந்துபோன இடம். எழுவைதீவுக்கு அப்பால் பாக்குநீரிணை. வடக்கே வல்வெட்டித்துறை. அங்கே 1930இல் கட்டின அன்னபூரணி அம்மாளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 89 அடிப் பாய்க்கப்பல். றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கிப் பெயரை மாற்றினார், வல்வெட்டித்துறைத் தண்டையலும் (கப்பல் தலைவரும்) மாலுமிகளும் அதை ஓட்டிக்கொண்டு போய் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் விட்டார்கள். ஆனால் அந்தக் கரை திறந்த கரை. பரவைக்கடலுக்குள்ளே உயர்ந்த பாய்மரத்தோடு சுற்றிவரவும் முடியாது. பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம், புங்குடுதீவுக்குப் போகிற பாலம் எல்லாம் தாழ்வான தாம்போதிகள். அடியாலே வள்ளம் நுழையும், மரம் நுழையாது.

‘வருடம் முழுக்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரை விட்டுப் போய் நாள் பட்டுவிட்டது என்று அதிலேயே தெரிகிறது. வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் புரட்டாதி மட்டும் பனையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மத்தியானத்துக்குப் பிறகு பரவைக்கடலில் கட்டை அலை, முகத்தில் உப்பு. நெடுந்தீவுப் படகுகளே சில நாட்களில் ஓடாது. அப்போது பருத்தித்துறைக் கரை அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடை வந்தால் நிலைமை தலைகீழ், அதோடு மழையும் புயல் பயமும். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல் எங்கள் வடக்கைக் கடந்துதான் போனது. நிம்மதியாகப் பாய் விரிக்க மாசி, பங்குனி, சித்திரை. மிச்ச மாதங்களில் காற்றைப் பார்த்துக் கரையைத் தெரிவு செய்ய வேண்டும்.

அப்புறம் இந்தக் கடல் காலி இடமில்லை. சிறகுவலைக்கு நட்ட கம்புகள், கடலட்டைப் பண்ணைகளுக்கு அடித்த வேலிகள், இயந்திரத்தின் விசிறியில் சுற்றிக்கொள்கிற சாதாளை என்கிற கடற்புல். அந்தக் கம்பு ஒவ்வொன்றும் ஒருவருடைய சோறு. பொழுதுபோக்குக்குப் போகிறவர் வலையைக் கிழித்துவிட்டு “மன்னிக்கவும்” சொன்னால் எடுபடாது. எந்த ஊர்க் கரையில் படகு கட்டப்போகிறீர்களோ, அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு முதலில் போங்கள். கடற்படைக்கும் கடற்றொழில் திணைக்களத்துக்கும் பிறகு போகலாம். போகாமல் விட முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் 88இல் போனவர், 85 மே மாதத்தில் நெடுந்தீவுக் குமுதினிப் படகில் பயணிகளை வெட்டிக் கொன்றது உங்களுக்குத் தெரியும். போர்க்காலத்தில் கிளாலியால் இரவில் பரவைக்கடலைத் தாண்டின சனம் இன்னும் இங்கே இருக்கிறது. கடலில் சும்மா போய்வருவது என்ற எண்ணம் எங்கள் வயதுக்காரருக்கு இலேசில் வருவதில்லை. உங்கள் பாயைப் பார்த்து யாராவது முகத்தைத் திருப்பினால் கோபிக்காதீர்கள்.

செலவுக்கு வருவோம். சாப்பாடும் வாடகையும் ஸ்காபரோவோடு பார்த்தால் ஒன்றுமில்லை. எரிபொருளை மட்டும் நம்பாதீர்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அதற்கு முன் காசு கொடுத்தாலும் கிடைக்காத மாதங்கள். உங்களுக்குப் பாய் தெரியும் என்பது இங்கே உண்மையான சேமிப்பு. தீவில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உவர். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் வீட்டைப் பார்க்காதீர்கள்.

காணியை இப்போது வாங்கவே வேண்டாம். கனடாப் பிரஜை மட்டும் என்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் பெயரில் எழுதவே முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தால் வழி உண்டு. புங்குடுதீவில் ஆளில்லாத வளவுகள் நிறையக் கிடக்கின்றன, உண்மை. ஆனால் ஒரு காணி உறுதிப் பத்திரத்தில் ஆறு பேர், அவர்கள் ஐந்து நாட்டில். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி கூட்டுரிமைக்காரருக்குத்தான் முதலில் கேட்க உரிமை. ஒருவர் கையெழுத்துப் போட மறந்தால் உங்கள் மிச்ச வயது நீதிமன்றத்தில் போகும். வேலணையிலோ காரைநகரிலோ ஒரு வீட்டை வருடத்துக்கு வாடகைக்கு எடுங்கள். ஒரு சோளகம், ஒரு வாடை. இரண்டும் கழிந்த பிறகும் கடற்கரைக் காணி வேண்டும் என்று தோன்றினால் அப்போது பேசுவோம்.

படகுக்கு: இரண்டாம் கையாக 18 அடிப் பைபர் வள்ளம் தேடலாம். ஏறி இறங்குகிற சுக்கான் ஒன்று, கழற்றி மடக்கக்கூடிய பாய்மரம் ஒன்று. மரத்தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள், நீங்கள் படம் கீறிக் காட்டினால் செய்து தருவார்கள். உங்கள் பழைய படகிலிருந்து பாயையும் கயிறுகளையும் மட்டும் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் பார்த்துவிட்டு, மாசியில் இந்தப் பக்கம் வந்தால் நான் ஒரு வள்ளம் ஒழுங்கு செய்கிறேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தரை தட்டினால் தள்ள மூன்றாவது ஆள் வேண்டும்.