அறை வாடகை குறைந்தால் பயணச் செலவும் குறையுமா?

கேள்வி: நானும் மனைவியும் இத்தாலியின் கிராமப்புறத்தில் ஒரு வாரம் தங்கி, சாப்பாட்டுக்காகவும் ஒயினுக்காகவுமே ஒரு பயணம் போக நினைக்கிறோம். வடக்கே பீட்மாண்டா, தெற்கே பூலியாவா என்று குழப்பம். விமான டிக்கெட் போக 2,400 யூரோ சேர்த்திருக்கிறோம். பீட்மாண்டில் ஆல்பா ஊருக்குள் விடுதி இரவுக்கு 140 யூரோ. பூலியாவில் பண்ணை வீடு 110 யூரோ. பூலியாதானே லாபம்? அக்டோபரில் ஆல்பா போனால் வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் அரிய காளான்) சாப்பிடலாம் என்கிறார்கள். பணம் போதாவிட்டால் அவசரகால நிதியிலிருந்து 800 யூரோ எடுக்கலாமா? நான் ஒயின் பிரியன். மனைவி மதுவைத் தொடமாட்டார். கார் நன்றாக ஓட்டுவார்.

பதில்: கடைசியாகப் போகிற போக்கில் சொன்னீர்களே, மனைவி குடிக்கமாட்டார், கார் ஓட்டுவார் என்று, அதுதான் இந்தக் கணக்கின் முடிச்சு. அதைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

ஏழு இரவுக்கு ஆல்பாவில் 980, பூலியாவில் 770. 210 யூரோ மிச்சம் என்று தெரிகிறது. ஆனால் பூலியா நீளமான நிலம். ஆல்பெரோபெல்லோ, லோகோரோட்டொண்டோ, சிஸ்டெர்னினோ என்று ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. பண்ணை வீடுகளோ ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே. கார் இல்லாமல் அங்கே ஒரு வாரத்தை ஓட்டுவது கஷ்டம். வாடகை கார் வாரத்துக்கு 320 யூரோ என்று வைத்தால் மொத்தம் 1,090. பெட்ரோல் போடுவதற்கு முன்பே ஆல்பாவைவிட 110 அதிகம்! ஆல்பாவுக்கு டூரின் நகரத்திலிருந்து ரயில் இருக்கிறது, ஊருக்குள் நடந்தே சாப்பிடப் போகலாம்.

அப்படியானால் பீட்மாண்ட்தான் மலிவா? அதுவும் இல்லை. நிலையான செலவு பூலியாவில் அதிகம். பீட்மாண்டிலோ மாறும் செலவு அதிகம். மாறும் செலவுதான் பட்ஜெட்டைக் கவிழ்க்கும். ஆல்பா பக்கத்துப் புகழ்பெற்ற சிவப்பு ஒயினான பரோலோவைக் குறைந்தது 38 மாதம் பதப்படுத்திய பிறகே விற்க முடியும் என்பது சட்டம். அத்தனை காலம் முடங்கிக் கிடந்த முதலுக்கு வட்டியை வாங்குபவரிடம்தானே வசூலிப்பார்கள்? ஒயின் பண்ணைகள் குன்றுகளின்மேல் இருக்கின்றன. போக டாக்சி, சுவைக்கக் கட்டணம். வெள்ளை ட்ரஃபிளை மேசையிலேயே தட்டில் சீவிப் போட்டு, கிராம் கணக்கில் பில் போடுவார்கள். அதன் விலை அந்த ஆண்டு மழையைப் பொறுத்து வாரத்துக்கு வாரம் மாறும். விலை கேட்காமல் தலையசைத்தவர்களின் கார்டு ஸ்டேட்மென்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

தங்குமிடம், கார் போக உங்கள் கையில் நாளொன்றுக்கு ஆல்பாவில் சுமார் 203 யூரோ, பூலியாவில் 187 யூரோ. வித்தியாசம் 16 யூரோ. ஆல்பாவில் ஒரே ஒரு டாக்சிப் பயணம் அதைத் தின்றுவிடும். பூலியாவின் சமையலோ ஏழைகளின் அடுப்பில் பிறந்தது: காய்ந்த அவரைப் பருப்பு மசியலும் கசப்புக் கீரையும், கையால் உருட்டிய ஒரெக்கியெட்டே பாஸ்தா, அல்டமுரா ரொட்டி, ஆண்ட்ரியாவில் பிறந்த புர்ராட்டா பாலாடைக்கட்டி. சிஸ்டெர்னினோவில் இறைச்சிக் கடையிலேயே துண்டைக் காட்டினால் அங்கேயே சுட்டுத் தருவார்கள். ப்ரிமிட்டிவோ, நீக்ரோஅமாரோ என்று சிவப்பு ஒயின்களும் உண்டு. பரோலோவின் நுணுக்கத்தை அதில் தேடாதீர்கள், ஏமாற்றமாக இருக்கும்.

இப்போது மனைவி விஷயம். பீட்மாண்ட் பயணத்தின் அச்சு ஒயின். அவர் குடிக்கமாட்டார் என்றால், இருவர் சேர்த்த பணத்தில் பெரும்பங்கு ஒருவர் நாக்குக்குப் போகிறது. பூலியாவில் அவருக்கும் தட்டு நிறையும். நீங்கள் ஒயின் குடித்த பிறகு காரை ஓட்ட ஆளும் இருக்கிறது. இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் உச்ச வரம்பு. தாண்டினால் அபராதம் நூற்றுக்கணக்கான யூரோ. உங்கள் வீட்டில் அந்தச் செலவுக்குக் காப்பீடு சம்பளமில்லாமல் கிடைக்கிறது. ஆகவே என் ஓட்டு பூலியாவுக்கு. மே மாதம் அல்லது செப்டம்பர் பிற்பகுதியில் போங்கள். ஆகஸ்ட் வேண்டாம், இத்தாலியே கடற்கரைக்கு வந்துவிடும், விலையும் கூடவே ஏறும்.

காரில் மூன்று கவனம். விபத்து நேர்ந்தால் நீங்கள் ஏற்கவேண்டிய தொகை எவ்வளவு, கிரெடிட் கார்டில் எவ்வளவு பிடித்து வைப்பார்கள் என்பதை முன்பதிவுக்கு முன் படியுங்கள். பிடித்து வைக்கும் தொகைக்கு கார்டில் வரம்பு காலியாக இருக்கவேண்டும். பழைய ஊர்களின் நடுவே கேமரா வைத்த தடைப் பகுதிகள் உண்டு. நுழைந்தால் அபராதம் பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும், கார் நிறுவனமும் தன் பங்குக்குக் கட்டணம் பிடிக்கும். உரிமம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே எடுத்ததென்றால், சர்வதேச ஓட்டுநர் அனுமதி தேவையா என்று பாருங்கள். கடைகளில் கார்டு மெஷின் ‘உங்கள் நாணயத்திலா, யூரோவிலா’ என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். மற்றதை அழுத்தினால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள்.

அவசரகால நிதி? தொடாதீர்கள். ட்ரஃபிள் அவசரமல்ல. ஆசை விடவில்லை என்றால், மாதம் 50 யூரோ தனிக் கணக்கில் போடுங்கள். 16 மாதத்தில் அதே 800 சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு வரும் இலையுதிர்காலத்தில் நான்கு நாள் ஆல்பா போய்வரலாம். சீவ ஆரம்பிக்கும் முன் கிராம் என்ன விலை என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.