மெனோபாஸ் தொந்தரவுகளைப் பொறுத்துக்கொண்டே கடந்துவிடலாமா, மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

கேட்டவருக்கு வயது 47. சில மாதம் மாதவிடாய் வருகிறது, சில மாதம் வருவதில்லை. திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் போய்விட்டது, எதற்கெடுத்தாலும் எரிச்சல். "எல்லாருக்கும் வர்றதுதான், தானா போயிடும்" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்களாம்.

தானாகப் போய்விடும் என்பது பாதிதான் உண்மை. வியர்வை, எரிச்சல், மறதி மாதிரி ஊரைக் கூட்டுகிற தொந்தரவுகள் பெரும்பாலும் காலப்போக்கில் அடங்கும். எலும்பு, இதயம், பிறப்புறுப்பு வறட்சி இதெல்லாம் சத்தமே போடாது, ஆனால் போகவும் போகாது. எனக்கு 53 ஆகிறது, மாதவிடாய் நின்று சில வருடங்களாயிற்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தபிறகுதான் எதற்குப் பொறுக்கலாம், எதற்குப் பொறுக்கக் கூடாது என்பது எனக்குப் புரிந்தது.

முதலில், நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு மெனோபாஸ் இன்னும் வரவில்லை. தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அந்தப் பெயர். பெரும்பாலான பெண்களுக்கு அது 45 முதல் 55 வயதுக்குள் நடக்கும். அதற்கு முந்தைய சில வருடங்கள்தான் பெரிமெனோபாஸ். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரே சீராக இறங்காமல் தாறுமாறாக ஏறி இறங்கும் காலம் அது, பலருக்கு மோசமான கட்டமும் அதுதான். 45 தாண்டியவர்களுக்கு இதை உறுதிசெய்ய எஃப்எஸ்ஹெச் போன்ற ஹார்மோன் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. இன்றைக்கு ஒரு அளவு காட்டும், அடுத்த மாதம் வேறு காட்டும். அதற்குப் பதில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும். (இன்னொன்று: விட்டு விட்டு வந்தாலும் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு இருக்கிறது. கருத்தடையை இப்போதே நிறுத்திவிட வேண்டாம்.)

திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும் இந்த ஹாட் ஃப்ளாஷ் ஏன் வருகிறது? உடல் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அளவுக்கு மீறி உஷாராகிவிடுகிறது. முன்பெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்ட சின்ன வெப்ப மாற்றத்துக்குக்கூட இப்போது தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்து, வியர்வையைக் கொட்டி உடம்பைக் குளிர்விக்கப் பார்க்கிறது. நாலில் மூன்று பெண்களுக்கு ஏதோ ஒரு அளவில் இது வரும். ஏதோ ஆறு மாதக் கூத்து என்று நினைக்காதீர்கள். தொந்தரவு அதிகமுள்ளவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் சராசரியாக ஏழு வருடத்துக்கு மேல் நீடித்திருக்கிறது. அத்தனை வருடம் தூக்கத்தை இழந்துகொண்டு பல்லைக் கடித்துப் பொறுப்பதில் எந்தப் பெருமையும் இல்லை என்பது என் கருத்து.

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தருகிற ஹார்மோன் சிகிச்சை என்றாலே பலர் "புற்றுநோய் வரும்" என்று பின்வாங்குகிறார்கள். அந்தப் பயத்தின் மூலம் பெரும்பாலும் 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வு. ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் (புரோஜெஸ்டோஜன் வகை ஹார்மோன் மருந்து) சேர்த்து எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் கூடியது உண்மை, வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் சுமார் 8 பேர் கூடுதல். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பல வருடங்கள் ஆனவர்கள் அவர்கள். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கினால், தொந்தரவு அதிகமுள்ள பெரும்பாலான பெண்களுக்கு ஆபத்தைவிட நன்மை கூடுதல் என்பதுதான் இன்றைய மருத்துவ நிலைப்பாடு. ஹாட் ஃப்ளாஷுக்கு இதைவிடப் பலன் தரும் மருந்தும் இல்லை. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, கர்ப்பப்பையின் உட்சுவரைக் காக்க புரோஜெஸ்டோஜனும் வேண்டும். தோல் வழியாகச் செல்லும் ஜெல், பேட்ச் வகைகளில் ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. நான் எடுத்துக்கொள்வதும் ஜெல்தான். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக் கட்டியோ பக்கவாதமோ வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் பொதுவாக இந்தப் பக்கம் போக முடியாது.

முடியாதவர்களுக்கும் விருப்பமில்லாதவர்களுக்கும் வேறு வழிகள் உண்டு. வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் குறைந்த அளவில் ஹாட் ஃப்ளாஷைக் குறைக்கும் (மனநோய்க்காகத் தருகிறார்கள் என்று பயப்பட வேண்டாம்). கபாபென்டின் என்ற மருந்தும் இருக்கிறது. ஃபெசோலினடன்ட் என்று, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலேயே நேரடியாக வேலை செய்யும் மருந்துக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்குக் கல்லீரல் பரிசோதனைகள் அவசியம். சிபிடி எனும் மனநலப் பயிற்சிமுறைக்கும் நல்ல ஆதாரம் உண்டு.

அதே 2023-இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் ஹார்மோன் இல்லாத வழிகளை அலசி வெளியிட்ட அறிக்கையில், ஹாட் ஃப்ளாஷுக்கென்று மூலிகை மாத்திரை, சோயா, யோகா, மூச்சுப் பயிற்சி எதையும் பரிந்துரைக்கவில்லை. ஆதாரம் போதவில்லையாம். யோகா செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு விட்டுவிட வேண்டாம், மனதுக்கும் உடம்புக்கும் அது நல்லதுதான். "மெனோபாஸ் கேர்" என்று எழுதி விற்கிற டப்பாக்களைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

சரி, சத்தம் போடாத விஷயங்களுக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் போனதும் எலும்பு வேகமாகக் கரையத் தொடங்கும். மாதவிடாய் நின்ற ஐந்து முதல் ஏழு வருடங்களில் எலும்பு அடர்த்தி 20 சதவீதம் வரைகூடக் குறையலாம். ஒரு வலியும் தெரியாது. லேசாகத் தடுக்கி விழுந்து மணிக்கட்டு உடையும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. எடை தூக்கும் பயிற்சி வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது. "இந்த வயசுல டம்பெல்லா?" என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தசை குறைவதையும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதையும் தடுக்க இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. கால்சியம், வைட்டமின் டி, புரதம் போதுமா என்று பாருங்கள். வீட்டில் யாருக்காவது இடுப்பெலும்பு முறிந்திருந்தால், அல்லது 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றிருந்தால், எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள். இந்த வயதில் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பும் ஏறும், அதனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் வருடா வருடம் பார்த்துவிடுவது நல்லது.

யாரும் வாய்விட்டுப் பேசாதது பிறப்புறுப்பு வறட்சி. எரிச்சல், தாம்பத்தியத்தில் வலி, திரும்பத் திரும்ப சிறுநீர்த் தொற்று எல்லாம் இதன் வேலை. ஹாட் ஃப்ளாஷ் மாதிரி இது வருடங்களில் அடங்காது, கூடிக்கொண்டே போகும். அந்த இடத்தில் மட்டும் பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் நன்றாக வேலை செய்கிறது, ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் கலக்கிறது. கூச்சத்தால் வருடக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டே இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

பொறுக்கவே கூடாத ஒன்று உண்டு. 12 மாதம் நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுதான். இப்போதே ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் இருந்தால் அதையும் காட்டுங்கள். அதற்காக எடுத்த எடுப்பில் கர்ப்பப்பையை அகற்றச் சொன்னால், மாத்திரையோ கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமோ முதலில் முயலலாமா என்று கேளுங்கள்.

போவதற்கு முன் சில வாரம் எப்போது வியர்க்கிறது, எத்தனை முறை விழிப்பு, மாதவிடாய்த் தேதி எல்லாவற்றையும் ஃபோனில் குறித்துவையுங்கள். உங்களுக்கும் வீட்டிலும் இருந்த நோய்கள், சாப்பிடும் மருந்துகள், இவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். "தூக்கமில்லாமல் வேலை பார்க்க முடியவில்லை, என்னென்ன சிகிச்சைகள் எனக்குப் பொருந்தும்?" என்று நேராகக் கேளுங்கள். அங்கேயும் "வயசானா அப்படித்தான்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.