ஒரே திரை, பல வேலை

கேள்வி: மவுஸ், ஜன்னல் எதுவும் இல்லாத பழைய எழுத்துத் திரைகளில் ஒரே நேரத்தில் பல வேலை ஓட்ட முடிந்ததாங்க? – வாசகர், பெருந்துறை

பதில்: தாராளமாங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக் கணக்குப் பிரிவில் யுனிக்ஸ் (பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினிகளை இயக்கும் மென்பொருள்) டெர்மினல், அதாவது பெரிய கணினியோடு இணைந்த திரையும் கீபோர்டும், அதன் முன்னால் உட்கார்ந்தவன் நான். 80 எழுத்து அகலம், 24 வரி, அவ்வளவுதான் திரை. சனிக்கிழமை சம்பளப் பட்டியல் ஓட ஆரம்பித்தால் திரை அதிலேயே மாட்டிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜர் ஏற்றுமதி இன்வாய்ஸ் கேட்பார்! கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் ஓடுகிற வேலை அப்படியே நிற்கும். 'பிஜி' (bg) என்று தட்டினால் திரையை விட்டுவிட்டுப் பின்னணியில் தொடரும். 'எஃப்ஜி' (fg) போட்டால் மறுபடி முன்னுக்கு வரும். கட்டளையின் கடைசியிலேயே & குறி போட்டுவிட்டால் முதலிலிருந்தே பின்னணியில் ஓடும், இந்த வம்பே இல்லை. ஆனால் ஒன்று, பின்னணி வேலையும் தன் விடையை இதே திரையில்தான் கொட்டும். இன்வாய்ஸ் நடுவில் டெய்லர் சம்பளம் வந்து விழும். அதனால் வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட வேண்டும். கட்டளைக்கு முன்னால் 'நோஹப்' (nohup) சேர்த்தால் இணைப்பு அறுந்தாலும் வேலை ஓடும்.

அப்புறம் 1987இல் 'ஸ்கிரீன்' (screen) என்ற புரோகிராம் வந்தது. ஒரே டெர்மினலுக்குள் பல திரை. வேலையை ஓடவிட்டே அந்தத் திரைகளைக் கழற்றிவிட்டுப் போய் வேறு இடத்திலிருந்து மறுபடி பிடிக்கலாம். 2007இல் வந்த, இதே வேலையைச் செய்யும் 'டீமக்ஸ்' (tmux) அதன் தம்பி. யுனிக்ஸ் போலவே இயங்கும் லினக்ஸ் உள்ள உங்கள் கணினியிலேயே இதையெல்லாம் போட்டுப் பார்க்கலாம்.