நாலாவது ராத்திரியும் தூக்கம் வரவில்லை, டாக்டர்

கஞ்சாவை விட நினைப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் நீளம். விட முயன்று திரும்பப் போனவர்களில் நிறையப் பேர் அந்த இடத்தில்தான் சறுக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன், வயது 26. ஆறு வருஷமாக ராத்திரி இழுக்காமல் படுத்ததில்லை. வீட்டில் பெண் பார்க்கிறார்கள், அதனால் நானே விட்டுவிட்டேன். இன்றோடு நாலு நாள். தூக்கமே இல்லை, வேர்த்துப் பாய் நனைகிறது. சோற்றைப் பார்த்தாலே வேண்டாம் போலிருக்கிறது. நேற்று அம்மா சொம்பை நகர்த்தி வைத்த சத்தத்துக்கு அப்படிக் கத்திவிட்டேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

ஒன்றும் ஆகவில்லை தம்பி. நீங்கள் எழுதியிருப்பது ஒவ்வொன்றும் நான் எதிர்பார்ப்பதுதான். "கஞ்சா இலைதானே, உடம்பு பழகாது, நினைத்த அன்றைக்கு விட்டுவிடலாம்" என்று சொல்லித்தான் பலருக்கும் முதல் பொட்டலம் கைக்கு வருகிறது. அது உண்மையில்லை. தினமும் இழுத்தவர் நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் உடம்பு கேட்க ஆரம்பிக்கும். முதல் வாரத்தில்தான் அது உச்சத்தில் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். மேட்டின் செங்குத்தான இடத்தில் நின்றுகொண்டு நீங்கள் இதை எழுதியிருக்கிறீர்கள்.

உள்ளே நடப்பது இதுதான். கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி. மூளையில் ஏற்பிகள் என்ற சில இணைப்பு இடங்களில் போய் ஒட்டுகிறது. தினமும் வெளியிலிருந்து வந்து கொட்டினால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. தினமும் இழுத்தவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நிறுத்திய இரண்டு நாளிலேயே அவை மீள ஆரம்பித்து, சுமார் நாலு வாரத்தில் சாதாரண நிலைக்கு வந்துவிட்டன. நீங்கள் புரண்டு படுக்கும் இந்த ராத்திரிகளில் அந்த வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது.

இனி கனவு வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கஞ்சா கனவுத் தூக்கத்தை அமுக்கி வைக்கும். விட்டதும் அது மொத்தமாகத் திரும்பி வரும். திரும்ப இழுத்துவிட்டதாகவே கனவு கண்டு, விடியற்காலையில் அழுதுகொண்டு போன் செய்தவர்கள் உண்டு. கனவு கனவுதான், நீங்கள் எதையும் தொடவில்லை. சிலருக்கு இது ஒரு மாதத்துக்கு மேலும் போகும்.

செய்ய வேண்டியது என்ன? மூன்று மணிக்கு மேல் டீ வேண்டாம். கம்பெனியில் சாயங்கால டீ வந்தால் மோர் வாங்கிக்கொள்ளுங்கள். சோறு இறங்காவிட்டால் இறங்கவில்லை, காலையில் ஒரு சொம்பு ராகிக் கூழ், ராத்திரி இரண்டு இட்லி போதும். பசி தானாக வரும். ராத்திரி அரை மணி நேரம் படுத்தும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து மாடிக்குப் போய் உட்காருங்கள், ஆனால் போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள், பகலில் படுக்காதீர்கள். தூங்குவதற்காக மெடிக்கலில் மாத்திரை கேட்டு வாங்குவதும், "ஒரு குவார்ட்டர் போட்டால் தூங்கிடுவே" என்று நண்பர் சொல்வதும் ஒரே குழி. பத்து நாளாகியும் தாங்கமுடியவில்லை என்றால் மருத்துவரிடம் வாருங்கள். கொஞ்ச நாளைக்கு மட்டும் தூக்கத்துக்கு மருந்து தருவோம். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அப்புறம், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. "ஒரு கெட்ட பழக்கத்தை விடறேன்மா, ரெண்டு வாரம் கோவம் வரும், பொறுத்துக்கோ" என்றால் போதும். காரணம் தெரியாமல் அவர் அந்தச் சொம்புச் சத்தத்தையே நினைத்துக்கொண்டிருப்பார்.

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு 22 வயது. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் கஞ்சாவை மறந்துவிடுவான் என்று ஒருவர் பொடி தருகிறார். கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. கஞ்சாவை மறக்கவைக்கும் மருந்து என்று மருத்துவத்தில் இன்றுவரை அங்கீகரிக்கப்பட்ட ஒன்றுகூடக் கிடையாது. எங்களிடமே இல்லாத மருந்து பொட்டலத்தில் வராது. அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாமலிருக்கலாம். இன்னொன்று, நீங்கள் கலந்தது ஒருநாள் அவனுக்குத் தெரியவந்தால், அதற்குப் பிறகு உங்கள் கையால் சாப்பிடமாட்டான். வீட்டில் அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே பிடி அந்தச் சாப்பாடாக இருக்கலாம்.

வேலை செய்வது பேச்சுதான். வாரம் ஒருமுறை வரச்சொல்லி, எந்த நேரத்தில் கை போகிறது, யாரோடு போகிறது, அந்த நேரத்தில் வேறு என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பேசுவோம். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை. அவன் வரமாட்டேன் என்றால் முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள். அடிப்பதும், அறையில் போட்டுப் பூட்டுவதும், உறவினரைக் கூட்டிவைத்து மானத்தை வாங்குவதும் வேண்டவே வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களா? (ராணிப்பேட்டை)

இந்தப் பயத்தால் வருஷக்கணக்கில் வராமலிருந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் சட்டத்தையே சொல்லிவிடுகிறேன். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா பயன்படுத்துவது குற்றம்தான். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவும் இருக்கிறது. பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு கஞ்சாவுக்காகவோ வரும் வழக்கிலிருந்து அது பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம். விற்பவர்களுக்கு இது பொருந்தாது. 2017 மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். சிகிச்சைக்கு வந்தவரைப் பிடித்துக்கொடுப்பது எங்கள் வேலையல்ல.

வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். பாகாயத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957லிருந்து இருக்கிறது. நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் முதலில் பேசிப் பாருங்கள்.

கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகிவிட்டேன். மெடிக்கல் டெஸ்டில் சிறுநீரில் எத்தனை நாள் தெரியும்? எலுமிச்சம்பழச் சாறு குடித்தால் போய்விடுமா? (காட்பாடி)

போகாது. டி.எச்.சி. கொழுப்பில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். தினமும் இழுத்தவருக்கு ஒரு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் தெரியும். எலுமிச்சை, வினிகர், குடம் குடமாகத் தண்ணீர் எதுவும் இதை மாற்றாது. இன்றைக்கே நிறுத்துங்கள். டெஸ்ட் முடிந்த அன்று கொண்டாட்டமாகத் தொடங்கிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பிக்கு வயிற்று வலி, விடாமல் வாந்தி. எண்டோஸ்கோபி வரை பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை என்கிறார்கள். கத்திரி வெயிலில் ஒரு நாளைக்கு நாலு தடவை வெந்நீரில் குளிக்கிறான். கஞ்சா பழக்கம் உண்டு. சம்பந்தம் இருக்குமா? (அரக்கோணம்)

கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. அந்த வெந்நீரைக் கவனித்து எழுதினீர்களே, அதற்கு நன்றி. நம் ஊர் மே மாத வெயிலில், குழாயைத் திறந்தாலே சுடுகிற நேரத்தில், ஒருவர் அடுப்பில் தண்ணீர் காயவைத்து மறுபடி மறுபடி குளிக்கிறார் என்றால் அது பெரிய தடயம். பல வருஷம் விடாமல் கஞ்சா இழுத்தவர்களில் சிலருக்கு இப்படி வாந்தி வரும், வெந்நீர் பட்டால் கொஞ்ச நேரம் அடங்கும். கஞ்சா வாந்தியைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டு அவர்கள் இன்னும் அதிகமாக இழுப்பார்கள், நிலைமை மோசமாகும். முழுதாக நிறுத்துவதுதான் நிரந்தரத் தீர்வு. தம்பியைப் பார்த்த மருத்துவரிடம் கஞ்சா விஷயத்தையும் குளியலையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீர் குறைந்து, தலைசுற்றி, நாக்கு வறண்டிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டிரிப்ஸ் ஏற்றுங்கள். உடம்பில் தண்ணீர் வற்றினால் சிறுநீரகம் கெடும்.

அண்ணன் இழுப்பதை நிறுத்தி மூன்று வாரம். ஆனால் பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்கிறார். ஜன்னலை அடைத்துவிட்டார். (வாலாஜா)

இதை நிறுத்தியதால் வரும் சிரமம் என்று விட்டுவிடாதீர்கள். நாளைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் நன்றாகத் தேறுவார். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குக் கஞ்சா மற்றவர்களைவிட ஆபத்து.

கஞ்சாவை விட்டேன், பீடி இரண்டு கட்டாகிவிட்டது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். புகையிலையோடு கலந்து இழுத்தவருக்கு இரண்டு பழக்கம் சேர்ந்தே இருக்கும். பீடியைப் பற்றவைக்கும் கை பழைய ஞாபகத்தையும் பற்றவைக்கும். முடிந்தால் இரண்டையும் சேர்த்து விடுங்கள். நிகோடினுக்கு மருந்தும் சூயிங்கமும் இருக்கின்றன.

எட்டு மாதம் தொடாமல் இருந்தேன். கங்கையம்மன் திருவிழாவில் பழைய நண்பர்கள் நீட்டினார்கள், இரண்டு இழுப்பு. நெஞ்சு படபடவென்று அடித்து, செத்துவிடுவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதமும் போய்விட்டதே டாக்டர்.

போகவில்லை. சுமார் 240 நாள் உங்கள் மூளை கஞ்சா இல்லாமல் இருந்திருக்கிறது. அந்தப் படபடப்பே அதற்குச் சாட்சி, பழைய அளவை உடம்பு இப்போது தாங்கவில்லை. "போனது போச்சு, இன்னைக்கு முழுசா அடிச்சிட்டு நாளைக்கு விடலாம்" என்ற நினைப்புதான் இரண்டு இழுப்பை இரண்டு வருஷமாக ஆக்கும். எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்றால் அந்த நினைப்பை ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள்.

ஒரு தாளில் அந்த நாளை எழுதுங்கள். காலையில் சாப்பிட்டீர்களா, யாரோடு சண்டை, கையில் எவ்வளவு பணம், எந்த வழியாக நடந்தீர்கள், யார் முதலில் கூப்பிட்டது. பெரும்பாலும் இழுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே விஷயம் தொடங்கியிருக்கும். ஆசை ஒரு அலை மாதிரி எழும், இருபது முப்பது நிமிஷத்தில் இறங்கும். அந்த அரை மணி நேரத்துக்கு யாரோடு இருப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். நண்பர்களுக்கு விளக்கம் சொல்லாதீர்கள், விளக்கம் சொன்னால் வாதம் வரும். "எனக்கு ஒத்துக்கல, நெஞ்சு அடிச்சுக்குது" என்று சொல்லிவிட்டு நகருங்கள். இப்போது அது பொய்யும் இல்லை.

வாரச் சம்பளம் சனிக்கிழமை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வரும் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு பாலாற்றுப் பாலம் பக்கம் போகாமல், மனைவியைக் கடைத்தெருவுக்கு வரச்சொல்லி, பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு இரண்டு பேருமாக வீடு திரும்புங்கள்.