எந்த அறைக்கு எந்த ஃபேன்?

வெயில் ஏற ஏறத் தபாலில் ஃபேன் பற்றிய கேள்விகளும் ஏறிவிட்டன. அதனால் இந்த முறை பகுதி முழுக்க ஃபேன்தான்.

கேள்வி: புது வீட்டு வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. ஹால் 20க்கு 12 அடி, பெரிய படுக்கையறை 12க்கு 11, சின்னது 10க்கு 9, அதில் ஒரு பக்கம் பரண் வருகிறது. ஹாலுக்கு 56 இஞ்ச் ஃபேன் ஒன்று போதும் என்கிறார் கடைக்காரர். சரியா? (வாசகி, சேலம்)

பதில்: சரியில்லை. ஃபேன் காற்று இறக்கைக்கு நேர் கீழேதான் பலமாக விழும், கொஞ்சம் தள்ளிப் போனாலே பாதியாகிவிடும். இருபது அடி ஹாலில் நடுவில் ஒன்றை மாட்டினால், காற்று முழுக்க யாரும் உட்காராத டீப்பாய் மேல் விழும், சுவரோரம் சோபாவில் இருப்பவர் நாளிதழை விசிறியாக்கிக்கொண்டு இருப்பார். இரண்டு 48 இஞ்ச் போடுங்கள், இரண்டு ஓரச் சுவரிலிருந்தும் ஐந்தைந்து அடி தள்ளி, இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். ஒருவர் மட்டும் டிவி பார்க்கும்போது ஒன்று ஓடினால் போதுமே. தளம் போட்டாகிவிட்டது, கொக்கி நடுவில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள், கான்கிரீட்டில் துளை போட்டு ஆங்கர் போல்ட் வைத்துப் புதுக் கொக்கி மாட்ட முடியும். சுவர்ப் பூச்சுக்கு முன்பே செய்தால் ஒயரும் மறைந்துவிடும்.

பெரிய படுக்கையறைக்கு 48 கச்சிதம். யோசிக்க வேண்டியது சின்ன அறைதான். 9 அடி அகலத்தின் நடுவில், அதாவது நாலரை அடியில் கொக்கி இருக்கும். பரண் 2 அடி நீட்டிக்கொண்டு வந்தால் மீதி இரண்டரை அடி, அதில் 48 இஞ்ச் ஃபேனின் இறக்கை மட்டுமே 2 அடி எடுத்துக்கொள்ளும். இறக்கை நுனிக்கும் பரணுக்கும் நடுவே அரை அடிதான். தீபாவளிக்குப் பாத்திரம் இறக்க ஏணியில் ஏறுகிறவர் கை எங்கே போகும் என்று பாருங்கள். 42 இஞ்ச் போட்டாலும் முக்கால் அடிதான் கிடைக்கும். பரணைக் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் 7 அடிக்கு நடுவில் கொக்கியை நகர்த்துவதுதான் ஒழுங்கான வழி, அப்போது 48 போட்டால்கூட ஒன்றரை அடி இடம் இருக்கும். வீட்டு பிளானில் பரணையும் ஃபேனையும் சேர்த்து யாருமே வரைவதில்லை, ஏன் என்று தெரியவில்லை.

கேள்வி: பி.எல்.டி.சி. (குறைந்த கரண்டில் ஓடுகிற புது வகை மோட்டார்) ஃபேன் போட்டால் கரண்ட் பில் பாதியாகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். விலையோ இரண்டு மடங்கு. வீட்டில் ஐந்து ஃபேன், ஐந்தையும் மாற்றலாமா? (வாசகர், மதுரை)

பதில்: ஐந்தையும் மாற்றாதீர்கள். பில் பாதியாகவும் ஆகாது, ஏனென்றால் பில்லில் ஃபிரிட்ஜ், மோட்டார், கீசர், ஏசி எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. ஃபேன் பங்கு மட்டும்தான் பாதிக்கும் கீழே குறையும்.

கணக்கைப் பார்ப்போம். பழைய சாதா ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. 30 வாட் சுமாருக்கு ஓடும். மிச்சம் 45 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிற ஃபேன் என்றால், இரண்டு மாத பில் காலத்தில் ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம். யூனிட் சராசரி ஐந்து ரூபாய் என்று வைத்தால் 200 ரூபாய். ஹால், நீங்கள் படுக்கிற அறை, இந்த இரண்டிலும் மாற்றுங்கள், போட்ட காசு இரண்டு மூன்று வருடத்தில் வந்துவிடும். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடுகிற அறையிலும் பூஜை அறையிலும் மாற்றினால் அந்தக் காசு திரும்பி வருவதற்குள் பேரன் கல்யாணமே வந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் தமிழ்நாட்டு பில் படி ஏறுகிற மாதிரி ஏறும். முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை கூடும், 500ஐத் தாண்டிவிட்டால் 100க்கு மேற்பட்ட அடுத்த நூறுக்குக் கிடைக்கிற குறைந்த விலையும் பறிபோய்விடும். அதனால் 510, 530 என்று எல்லையில் நிற்கிற வீட்டுக்கு இந்த 40 யூனிட் நல்ல லாபம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் முடித்துவிடுகிற வீட்டுக்கு லாபம் சுத்தமாகப் பூஜ்யம், அவர்கள் பணத்தை வேறு எதிலாவது போடலாம்.

கடையில் ஒரு வேலை நடக்கும், கவனியுங்கள். பி.எல்.டி.சி.யின் 30 வாட்டை எப்போதும் பழைய 75 வாட்டோடுதான் ஒப்பிட்டுச் சொல்வார்கள். ஆனால் 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் முத்திரை கட்டாயம், ஒரு ஸ்டார் வாங்குகிற சாதா ஃபேனே இப்போது 50 வாட் பக்கம் வந்துவிட்டது. எப்படியும் புது ஃபேன்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் வித்தியாசம் 20 வாட் சொச்சம்தான், மேலே சொன்ன லாபத்தில் பாதிகூடத் தேறாது.

இன்வர்ட்டர் வைத்திருந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பி.எல்.டி.சி. வாங்கலாம். பழைய ஃபேன் ஒன்று ஓடுகிற கரண்டில் இரண்டு ஓடும், பேட்டரியும் விடிகிற வரை தாங்கும். வோல்டேஜ் குறைகிற ஊர்களிலும் வேகம் குறையாமல் சுற்றும். குறை என்னவென்றால் உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு இருக்கிறது, அது போனால் தெருமுனை மெக்கானிக் கை வைக்க மாட்டார், கம்பெனிக்குத்தான் போக வேண்டும். வாரண்டி போர்டுக்கும் சேர்த்தா என்று கேட்டு வாங்குங்கள். சுவரில் இருக்கிற பழைய ரெகுலேட்டர் வழியாக அதை ஓட்டக் கூடாது, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ரிமோட்டைத் தேடி ராத்திரி இரண்டு மணிக்கு உங்களை எழுப்புவார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

கேள்வி: பெட்டியில் ஆர்.பி.எம்., வாட், கன மீட்டர் என்று என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். எதைப் பார்ப்பது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஆர்.பி.எம்.மை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை, விட்டுவிடுங்கள். இறக்கையின் சாய்வைக் குறைத்துவிட்டு வேகமாகச் சுற்றவைப்பது பெரிய வித்தை இல்லை, சத்தம்தான் வரும், காற்று வராது. நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளுகிறது என்பதுதான் விஷயம். 1200 மில்லிமீட்டர், அதாவது கடைக்காரர் 48 இஞ்ச் என்று சொல்கிற ஃபேனுக்கு அது 210க்குக் கீழே இருந்தால் வாங்க வேண்டாம். அந்த எண்ணை வாட்டால் வகுத்துப் பாருங்கள். 2023இல் வந்த விதிப்படி இந்த அளவு ஃபேனுக்கு 4 வந்தால் ஒரு ஸ்டார், 6 வந்தால் ஐந்து ஸ்டார். உங்கள் வீட்டுப் பழைய ஃபேன், 220ஐ 75ஆல் வகுத்தால், 3 கூட வராது.

கேள்வி: மூன்று இறக்கையா, நான்கா? (வாசகி, கோவை)

பதில்: மூன்று. நான்கும் ஐந்தும் பார்வைக்கு. கொஞ்சம் சத்தம் குறையலாம், காற்று கூடாது. விளக்கு வைத்த, மர இறக்கை போட்ட ஃபேன்கள் ஏசி அறைக்குப் பரவாயில்லை, சித்திரை மாதத்துப் பகலுக்கு ஆகாது.

கேள்வி: மாடி வீடு. ராத்திரி ஃபேன் போட்டால் அனல்தான் வருகிறது. நல்ல கம்பெனி ஃபேன் எது? (வாசகர், திருச்சி)

பதில்: எந்தக் கம்பெனி ஃபேன் போட்டாலும் அதே அனல்தான் வரும். ஃபேன் அறையைக் குளிர்விப்பதே இல்லை, உடம்பு வியர்வையை உலர்த்துகிறது, அதில்தான் நமக்குச் சில்லென்று இருக்கிறது. உங்கள் மேல்தளக் கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி கக்குகிறது, கூரையடியில் தேங்கிய அந்தச் சூட்டை ஃபேன் கீழே தள்ளிவிடுகிறது. ஃபேனுக்கு வைத்திருக்கிற காசில் மொட்டைமாடிக்கு வெள்ளைக் கூலிங் பெயிண்ட் அடியுங்கள். ஏழு மணிக்கு மேல், வெளியே காற்று குளிர்ந்ததும், வென்டிலேட்டரைத் திறந்து ஒரு எக்சாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். படுக்கும்போது அதே பழைய ஃபேன் நன்றாக இருக்கும்.

ராடையும் ஒரு முறை பாருங்கள். கூரைக்கு ஒட்டினாற்போல மாட்டியிருந்தால் மேலிருந்து இழுக்கக் காற்று இல்லாமல் ஃபேன் திணறும். இறக்கைக்கு மேலே ஒரு அடியாவது வேண்டும், தரையிலிருந்து இறக்கைக்கு எட்டு, எட்டரை அடி. பத்தடிக் கூரையில் பெட்டியோடு வருகிற ராடே போதும், பழைய காலத்துப் பதினான்கடி வீடு என்றால் நீள ராடு கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: வாடகை வீட்டு ஃபேன் முழு வேகத்திலும் தள்ளாடிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறது. வீட்டுக்காரர் புதிது வாங்கித் தர மறுக்கிறார். (வாசகி, சென்னை)

பதில்: புதிது எதற்கு? முதலில் கண்டென்சரை மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சாமான். அது பலவீனமானால் ஃபேன் இப்படித்தான் நகரும். மாற்றியும் வேகம் வரவில்லை என்றால் பேரிங் தேய்ந்திருக்கும், அல்லது காயில் போயிருக்கும். காயில் கட்டக் கேட்கிற கூலியைப் பார்த்துவிட்டுப் புதிதா பழையதா என்று வீட்டுக்காரரிடம் பேசலாம்.

தள்ளாட்டத்துக்கு மெயினை அணைத்துவிட்டு இறக்கை ஸ்க்ரூக்களை முடுக்குங்கள், இறக்கை மேலிருக்கிற தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். மூன்று இறக்கை நுனியும் கூரையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று ஒரு குச்சி வைத்து அளந்து பாருங்கள், ஒன்று வளைந்திருந்தால் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். எலக்ட்ரீஷியன் ஏணியில் இருக்கும்போதே, கொக்கியில் தொங்குகிற போல்ட்டும் அதற்குக் குறுக்கே மாட்டியிருக்கிற பின்னும் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.