டெலஸ்கோப் அப்புறம், முதல்ல மொட்டை மாடி

சின்னமனூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பொண்ணு எட்டாவது படிக்கிறா, நட்சத்திரம் பாக்கக் கத்துக்கணும்னு ஒரே ஆசை. பத்தாயிரத்துக்குள்ள டெலஸ்கோப் தேடுனா ஆன்லைன்ல ஒண்ணு 675 மடங்கு பெருசா காட்டும்னு போட்டிருக்கு. வாங்கலாமா? எனக்கும் ஒண்ணும் தெரியாது, எங்க இருந்து ஆரம்பிக்கிறது?"

அத வாங்காதீங்கம்மா. ஒரு டெலஸ்கோப் எத்தனை மடங்கு உருப்படியா காட்டும்ங்கிறது முன்னாடி இருக்கிற லென்ஸோட அகலத்தப் பொறுத்தது, மில்லிமீட்டர்ல எவ்வளவோ அதுல ரெண்டு மடங்குதான் உச்சம். 60 மில்லிமீட்டர் லென்ஸ்னா 120, அதுக்கு மேல போனா பெருசாகும் ஆனா மங்கலாகும், அவ்ளோதான். கூட வர்ற ட்ரைபாட், அதாவது மூணு கால் ஸ்டாண்டு, கை பட்டாலே ஆடும். பிள்ளைங்க நாலு நாள் போராடி ஒண்ணும் சிக்காம, தனக்குத்தான் பாக்கத் தெரியலன்னு நினைச்சு விட்டுடறத நான் நிறைய பாத்திருக்கேன், எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் அது.

பொண்ணோட ஜென்ம நட்சத்திரம் என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல? அது வானத்துல எங்க இருக்குன்னு காட்டத் தெரியுமா? அங்க இருந்துதான் ஆரம்பிக்கணும். பஞ்சாங்கத்துல இருக்கிற 27 பேரும் நிஜமா மேல இருக்கிற நட்சத்திரங்கதான், நமக்குப் பேரு பாதி ஏற்கனவே மனப்பாடம், ஆளத்தான் இன்னும் பாக்கல.

வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் நம்ம பக்கம் வானம் நல்லா தெளிவா இருக்கும். ஜனவரி கடைசில ராத்திரி ஒம்போது மணிக்கு மாடில பாய் விரிச்சுப் படுத்தீங்கன்னா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல மூணு நட்சத்திரம் ஒரே வரிசையா நிக்கும், அதுதான் ஓரியன்ங்கிற வேட்டைக்காரன் உருவ நட்சத்திரக் கூட்டத்தோட இடுப்புப் பட்டை. பூமத்திய ரேகைக்கு நேர் மேல வர்ற வானத்தோட நடுக்கோட்ட ஒட்டி இருக்கிறதால அது சரியா கிழக்குல உதிச்சு சரியா மேற்குல மறையும், திசைகாட்டியே வேணாம். அதுக்கு வடக்க செக்கச்செவேல்னு இருக்கிறது திருவாதிரை, தெக்க நீல வெள்ளையா மின்னுறது ரைஜல். ஏன் ரெண்டும் வேற வேற கலர்னு பொண்ணே கேப்பா, சூடு குறைஞ்சது சிவப்பு, சூடு கூடுனது நீலம்னு சொல்லுங்க, கொல்லன் உலைல இரும்பு சிவந்து அப்புறம் வெளுக்குதே அதே கணக்குதான்.

இப்ப அந்த மூணு நட்சத்திரத்தையும் கோடு மாதிரி ஒரு பக்கம் நீட்டுனா சிரியஸ், ராத்திரி வானத்துலயே ரொம்ப பிரகாசமான நட்சத்திரம் அதுதான். எதிர்ப்பக்கம் நீட்டுனா ரோகிணி, இன்னும் தாண்டுனா கொத்தா கார்த்திகை, பழைய தமிழ்ல அறுமீன். ஒரே ராத்திரில திருவாதிரை, ரோகிணி, கார்த்திகை மூணும் ஆச்சு.

இன்னொண்ணு, வெளிநாட்டுக்காரங்க வழிகாட்டியெல்லாம் துருவ நட்சத்திரத்துல இருந்து ஆரம்பிக்கச் சொல்லும், அத நம்பி ஏமாறாதீங்க. உங்க ஊர்ல அது அடிவானத்துல இருந்து பத்து டிகிரி உயரத்துலதான் இருக்கும், அதாவது கைய நேரா நீட்டி முஷ்டிய மடக்குனா அந்த ஒரு முஷ்டி அளவு, ஒரு தென்னமரமே மறைச்சிடும். அதுக்குப் பதிலா தெக்க பாருங்க, ஓரியன் உச்சில இருக்கிற நேரத்துல ரெண்டரை முஷ்டி உயரத்துல அகத்தியர் நட்சத்திரம் (இங்கிலீஷ்ல கனோபஸ்) ஜொலிக்கும். லண்டன்ல இருக்கிறவங்களுக்கு அது எந்தக் காலத்துலயும் தெரியாது, நமக்கு வீட்டு மாடியிலயே தெரியுது.

மாடிக்குப் போனதும் உடனே எதுவும் தெரியலன்னு இறங்கிடாதீங்க, கண்ணு இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், நடுவுல மொபைல் பாத்தா மறுபடி முதல்ல இருந்து. ஸ்டெல்லேரியம்னு ஒரு இலவச ஆப் இருக்கு, அதுல நைட் மோட் போட்டா திரை சிவப்பாயிடும், அது அவ்வளவா கெடுக்காது.

மூணு மாசம் இப்படிப் பழகுனப்புறமும் ஆசை குறையலன்னா 10x50 பைனாகுலர் ஒண்ணு வாங்குங்க, உங்க பட்ஜெட்டுக்குள்ளயே கிடைக்கும். பத்து மடங்குதானான்னு நினைக்காதீங்க, 50 மில்லிமீட்டர் லென்ஸ் நம்ம கண்ண விட சுமார் ஐம்பது மடங்கு வெளிச்சம் வாங்குது. வெறுங்கண்ணுக்கு ஆறா தெரிஞ்ச கார்த்திகை டஜன் கணக்குல கொட்டிக் கிடக்கும், ஓரியன் பட்டைக்குக் கீழ புகை மாதிரி ஒரு திட்டு தெரியும், சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்துல புது நட்சத்திரங்க பிறந்துட்டு இருக்கிற இடம் அது. மாடிச் சுவத்துல முழங்கைய நல்லா ஊன்றிட்டு வியாழனப் பாத்தா பக்கத்துல புள்ளி புள்ளியா நாலு நிலவு வரைக்கும் தெரியும், 1610ல கலிலியோ பாத்தது அதே நாலுதான். நிலவப் பௌர்ணமில பாக்காதீங்க, தட்டையா இருக்கும், அரை நிலவு அன்னைக்கு இருட்டும் வெளிச்சமும் சேர்ற ஓரத்துல பாருங்க, பள்ளம் மேடெல்லாம் நிழலோட எழுந்து நிக்கும்.

சனியோட வளையம் மட்டும் பைனாகுலர்ல கிடைக்காது. அதுக்குப் பின்னாடி ஒரு நாள் காசு சேத்து 6 இஞ்ச் டாப்சோனியன் வாங்கலாம், லென்ஸுக்குப் பதிலா கண்ணாடி வச்சு எளிமையான ஸ்டாண்டுல நிக்கிற டெலஸ்கோப் அது. அதுக்கு முன்னாடி வாணியம்பாடி பக்கம் ஜவ்வாது மலைல காவலூர் வைணு பாப்பு வானியல் ஆய்வகத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க, பொதுமக்கள என்னைக்கு விடுறாங்கன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. 2.34 மீட்டர் கண்ணாடி வச்ச டெலஸ்கோப் அங்க இருக்கு.

பைனாகுலர் கைக்கு வந்த முதல் நாளே பொண்ணுகிட்ட ஒண்ணு கண்டிப்பா சொல்லிடுங்க, அத சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. விழித்திரைக்கு வலி தெரியாது, வெந்து போறப்பக்கூட தெரியாது. பின்னாடி டெலஸ்கோப் வாங்குறப்ப ஐபீஸ்ல, அதாவது கண்ண வைக்கிற பக்கத்து லென்ஸ்ல, திருகுற சின்ன சூரிய ஃபில்டர் யாராவது குடுத்தாலும் தூக்கிப் போட்டுடுங்க, அது சூட்டுல வெடிச்சிடலாம்.